அடுப்பும் கூரையும் விளக்கும்

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வீட்டில் எரிபொருளையும் மின்சாரத்தையும் வீணாக்காமல் பயன்படுத்துவது எவ்வாறு என்பதே எனக்கு அளிக்கப்பட்ட பொருள். கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் அடுப்பைப் பற்றியும் விளக்கைப் பற்றியும் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். நம் பிள்ளை படிப்பது விளக்கின் ஒளியில். அவனுடைய தாய் இருமுவது அடுப்பின் புகையில். தேர்வுக்கு முன்னாள் இரவில் அவன் உறக்கமின்றிப் புரள்வது கூரையின் வெக்கையில். ஆகவே இம்மூன்றும் கல்வியோடு பிணைந்தவையே.

இன்னொரு கேள்வியும் உங்கள் உள்ளத்தில் எழும் என்பதை நான் அறிவேன். “ஊர்த் தெருவில் விளக்கு எரிந்து பல்லாண்டு கழிந்த பின்னரே நம் தெருவிற்குக் கம்பி வந்தது. ஒற்றை விளக்கோடு நம் பெற்றோர் காலம் கழித்தனர். இன்றுதான் நம் வீட்டில் இரண்டு மின்விசிறிகள் சுழல்கின்றன. அதற்குள் நம்மிடமே சிக்கனம் பேச வந்துவிட்டீர்களா?” என்று நீங்கள் கேட்கலாம். இக்கேள்வி நியாயமானது. இதற்கு விடை கூறாமல் மேலே செல்வது முறையன்று. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் உரிமை, பின்னர் சிக்கனம்

1891ஆம் ஆண்டில் செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் என்னும் ஆங்கிலேயர், இம்மாவட்டத்துப் பறையர்களின் நிலையை விளக்கி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். காஞ்சிபுரமும் உத்திரமேரூரும் அந்நாளில் அம்மாவட்டத்தைச் சேர்ந்தவை. உழுகின்ற நிலம் மட்டுமன்றிக் குடியிருக்கும் மனையும் தமக்கு உரிமையில்லாதோராய் நம் முன்னோர் வாழ்ந்ததை அவ்வறிக்கை எடுத்துக்காட்டிற்று. மனை தனதில்லை என்றால், ஒருவன் எதை நம்பி நல்ல சுவர் எழுப்புவான்? எதை நம்பிக் கூரையை மாற்றுவான்? நம் வீடுகள் புகை மண்டியும் இருள் சூழ்ந்தும் கிடந்தமைக்கு நம் அறியாமை காரணமன்று; மனையுரிமை இல்லாமையே காரணம்.

மின்சாரத்தின் வரலாற்றிலும் நமக்கு உரிய பங்கு உண்டு. அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக விளங்கினார். நாட்டின் மின்சார வளர்ச்சியைத் திட்டமிடும் பணியும் அத்துறையையே சார்ந்திருந்தது. மின்சாரம் மலிவாகவும் ஏராளமாகவும் கிடைத்தாலன்றித் தொழில் வளராது. தொழில் வளர்ந்தாலன்றி மக்களின் வறுமை தீராது என்பது அவர்தம் கருத்து. நாடு முழுமைக்கும் மின்சாரத்தைத் திட்டமிடுவதற்கான தொழில்நுட்ப வாரியம் 1944ஆம் ஆண்டில் அவர் பொறுப்பிலிருந்தபோதே அமைந்தது. ஆகவே ஒளியும் ஆற்றலும் பிறர் நமக்கு இடும் பிச்சையல்ல. நம் தலைவர் திட்டமிட்ட பொதுச் சொத்தில் நமக்குள்ள பங்கு அது.

அந்தப் பங்கு நம்மை வந்தடையக் காலம் பிடித்தது. ஏழைக் குடும்பங்களுக்கு ஒற்றை விளக்கு இணைப்பு வழங்கும் ‘குடிர் ஜோதி’ திட்டம் நடுவணரசால் 1988–89இல்தான் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2006இல் பொறுப்பேற்ற அரசு ஏழை வீடுகளுக்கு எரிவாயு அடுப்பு வழங்கும் திட்டத்தைக் கொண்டு வந்தது. பெண்களின் பெயரிலேயே எரிவாயு இணைப்பு தரும் உஜ்வாலா திட்டம் 2016 மே 1 அன்று தொடங்கப்பட்டது. அதே 2016ஆம் ஆண்டில், தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் வரை கட்டணமில்லை என்னும் முறையும் வந்தது.

எனவே நான் கூறும் நெறி இதுதான். பெற வேண்டியதை முதலில் முழுமையாகப் பெறுவோம். மின் இணைப்பு இல்லாத வீடு இருக்கலாகாது; எரிவாயு அடுப்பு இல்லாத சமையலறை இருக்கலாகாது. அதன் பிறகு, பெற்றதில் ஒரு துளியும் வீணாகாமல் காப்போம். இருட்டில் உட்கார்ந்திருப்பதும், வியர்வையில் நனைவதும், விசிறியை நிறுத்திக் குழந்தையை அழவிடுவதும் சிக்கனமல்ல. அது வறுமை. பயனில் குறையாமல் செலவில் குறைப்பதே சிக்கனம். இவ்வேறுபாட்டை இளைஞர்கள் மனத்தில் ஆழப் பதித்துக் கொள்ள வேண்டும்.

அடுப்பு

நம் வீடுகளில் மிகப் பெரிய விரயம் நிகழுமிடம் மூன்று கல் அடுப்பு. ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலை வெட்டி, முள் குத்த முள் குத்தத் தலையில் சுமந்து வருகின்றனர் நம் தாய்மார்கள். அவ்விறகில் அடங்கிய வெப்பத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே பானையைச் சேர்கிறது. எஞ்சிய ஒன்பது பங்கும் காற்றோடும் புகையோடும் கலந்து போகிறது. நல்ல எரிவாயு அடுப்பிலோ, பாதிக்கும் மேற்பட்ட வெப்பம் பாத்திரத்தைச் சேர்கிறது.

வெப்பம் வீணாவது ஒருபுறமிருக்க, புகை உயிரையே குடிக்கிறது. வீட்டுக்குள் எழும் அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் மக்கள் இறந்தனர் என்று உலக நல நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. நிமோனியா, மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் அடைப்பு நோய், நுரையீரல் புற்றுநோய் ஆகியன அப்புகையால் நேர்கின்றன. அடுப்படியில் நிற்கும் பெண்ணும் அவள் இடுப்பில் இருக்கும் குழந்தையுமே அதனை மிகுதியாக உட்கொள்கின்றனர்.

இக்கேட்டை நீக்க 1983ஆம் ஆண்டில் நடுவணரசு புகையில்லா அடுப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, 2002 வரை நடத்திற்று. நாடெங்கும் மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் அமைக்கப்பட்டன. ஆயினும் புகைபோக்கியில் கரி அடைத்தபோது நீக்குவாரின்றியும், அடுப்பு விரிந்தபோது பூசுவாரின்றியும் பல வீடுகளில் அவை பயனற்றுப் போயின. இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. ஒரு பொருளைக் கொடுத்துவிட்டால் போதாது. அதனைப் பேணும் அறிவும் பேணும் ஆளும் அந்தத் தெருவிலேயே இருக்க வேண்டும்.

எரிவாயு அடுப்பிலும் இந்த நிலை நேராதிருக்க வேண்டும். சிலிண்டர் விலை ஏறியவுடன் அடுப்பை மூலையில் ஒதுக்கிவிட்டு மீண்டும் விறகிற்குத் திரும்பும் வீடுகள் பல. ஆடவர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டு வரவில் சிலிண்டருக்குரிய தொகையை முதலில் எடுத்து வையுங்கள். மற்றக் கைச்செலவுகள் பின்னர் வரட்டும். விறகு ‘இலவசம்’ என்று சொல்லப்படுகிறது. அந்த இலவசத்தின் விலையைப் பெண்ணின் காலும் கழுத்தும் நுரையீரலும் செலுத்துகின்றன.

ஒரு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ எரிவாயு. அதை நீண்ட நாள் வரச் செய்யும் வழிகள் எளியவை. அரிசியையும் பருப்பையும் முன்னதாக ஊற வையுங்கள். காய்கறியை அரிந்து, மசாலையை அரைத்து, எல்லாம் கைக்கெட்டும் வகையில் வைத்துக்கொண்ட பின்னரே அடுப்பைப் பற்ற வையுங்கள். பாத்திரத்தை மூடிச் சமையுங்கள். தண்ணீர் கொதித்துவிட்ட பிறகு தீயைப் பெருக்கினாலும் அதன் சூடு மேலும் ஏறுவதில்லை; நீர்தான் ஆவியாகிப் போகும். ஆகவே கொதி வந்ததும் தீயைக் குறைத்துவிடலாம். குக்கரில் ஆவி அடைபட்டு அழுத்தம் மிகுவதால் நீரின் கொதிநிலை ஏறத்தாழ 120 பாகை வரை உயர்கிறது; அதனாலேயே பருப்பும் கொண்டைக்கடலையும் அதில் விரைந்து வேகின்றன. தீ நீல நிறமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால், பர்னரின் துளைகள் அடைத்திருக்கின்றன என்று பொருள். அவற்றைத் துலக்க வேண்டும். குளிக்க வெந்நீர் வேண்டுமாயின், கறுப்பு வண்ணம் பூசிய குடத்தையோ பீப்பாயையோ காலையிலிருந்து வெயிலில் வைத்தால் மாலைக்குள் கதிரவனே காய்ச்சித் தந்துவிடுவான்.

விறகை முற்றிலும் விட முடியாத வீடுகளும் உண்டு. நெல் அவிக்கவும், விருந்துச் சோறு வடிக்கவும் விறகே வேண்டியிருக்கிறது. அவ்வாறாயின் அடுப்பை வாசற்புறத்தில் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். நன்கு உலர்ந்த விறகையே எரியுங்கள். தீ மூட்டுவதற்குப் பாலித்தீன் பையையும் ரப்பர்த் துண்டையும் பயன்படுத்தும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். அவற்றின் புகை விறகின் புகையினும் கொடிய நஞ்சு.

கூரை

இரண்டாவதாகக் கூரையைப் பற்றி. ஓலைக் குடிசை குளிர்ச்சியானது, இயற்கையோடு இயைந்தது என்று போற்றி எழுதுவோர் உளர். குளிர்ச்சி உண்மைதான். ஆனால் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைபட்டு 44 பேர் எரிந்து சாம்பலாயினர் என்பதை நாம் மறக்க இயலுமா? ஒரு தீக்குச்சிக்கு அஞ்சி வாழும் கூரை நமக்கு வேண்டா. கெட்டிக் கூரை நம் பிள்ளைகளின் உரிமை.

அவ்வுரிமை சிறிது சிறிதாகக் கைக்கு வந்தது. 1974இல் ஆதிதிராவிடர் வீட்டு வசதிக்கென்று தமிழ்நாட்டில் ஒரு கழகம் நிறுவப்பட்டது. அதுவே இன்றைய தாட்கோ. 1985இல் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைத் தொழிலாளர் ஆகியோருக்காக இந்திரா குடியிருப்புத் திட்டம் வந்தது. 2011இல் 300 சதுர அடியில் பசுமை வீடுகள் திட்டமும், 2024இல் கலைஞரின் கனவு இல்லம் திட்டமும் வந்தன. தொகுப்பு வீடு இல்லாத காலனி இன்று அரிது.

ஆனால் கான்கிரீட் தளத்திற்கு ஒரு குணம் உண்டு. பகலெல்லாம் வெயிலைக் குடித்து, இரவெல்லாம் அதனை வீட்டிற்குள் கக்கும். தாழ்ந்த தளமும் சிறிய சன்னலும் கொண்ட தொகுப்பு வீட்டில், சித்திரை வைகாசியில் நள்ளிரவு வரை சுவரைத் தொட முடிவதில்லை. இந்த வெக்கையை விரட்டவே விசிறி இரவு முழுதும் சுழல்கிறது, மின்கட்டணமும் ஏறுகிறது. சிமெண்ட் ஷீட் போட்ட வீடுகளில் துன்பம் இன்னும் மிகுதி. ஆகவே மின்சாரச் சிக்கனம் மீட்டர்ப் பெட்டியில் தொடங்குவதில்லை. கூரையின் மேல் தொடங்குகிறது.

இதற்கு எளிய மருந்து சுண்ணாம்பு. கறுத்த தளம் வெயிலை உண்ணும். வெண்மையான தளம் வெயிலைத் திருப்பி அனுப்பும். பங்குனி மாதத்தில் தளத்தைப் பெருக்கிக் கழுவி, நீற்றிய சுண்ணாம்பைப் பசை கலந்து இரண்டு மூன்று முறை பூசினால், வீட்டின் உள்ளே வெப்பம் சில பாகையேனும் குறையும். மழையில் கரைந்துவிடுவதால் ஆண்டுதோறும் பூச வேண்டும். சற்றுக் கூடுதலாகச் செலவிட இயன்றவர்கள் அதற்கென்றே விற்கப்படும் வெண்ணிறப் பூச்சை வாங்கிப் பூசலாம். அது சில ஆண்டுகள் நிற்கும். புதிதாக வீடு கட்டுவோர், தளத்தின் மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரை போட்டு, அதன்மேல் தட்டோடு பதிக்கும் பழைய முறையைக் கைவிடாதிருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் அதனை விட்டுவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

எதிரெதிரான சன்னல்கள் காற்றை இழுக்கும். கொசுவலை அடித்துவிட்டால் இரவில் அச்சமின்றித் திறந்து வைக்கலாம். மேற்குச் சுவரே பிற்பகல் வெயிலை வாங்கும் சுவர். அப்பக்கத்தில் ஒரு வேம்போ புங்கமோ நடுங்கள். மூன்று சென்ட் மனையில் மரத்திற்கு இடமேது என்பீர்கள். தெரு பொதுவானது, தெருவோரத்தில் நடலாம்.

விளக்கும் விசிறியும்

இப்போது ஒரு கணக்குப் பார்ப்போம். மாணவர்கள் தாளில் குறித்துக் கொள்ளலாம். 1000 வாட் ஆற்றலை ஒரு மணி நேரம் பயன்படுத்தினால் அது ஒரு யூனிட்.

ஒரு வீட்டில் 60 வாட் குண்டு பல்பு மூன்று, நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் எரிகின்றன என்று கொள்வோம். செலவு 0.9 யூனிட். 75 வாட் மின்விசிறி இரண்டு, பத்து மணி நேரம் சுழல்கின்றன. செலவு 1.5 யூனிட். தொலைக்காட்சிக்கு 0.3 யூனிட், குளிர்பதனப் பெட்டிக்கு 0.8 யூனிட். ஆக, நாளொன்றுக்கு 3.5 யூனிட், இரண்டு மாதத்திற்கு 210 யூனிட்.

இதே வீட்டில் குண்டு பல்புக்கு மாற்றாக 9 வாட் எல்.இ.டி. விளக்கைப் பொருத்துவோம். ஒளி ஏறத்தாழ அதே அளவு; செலவோ 0.9 யூனிட்டிலிருந்து 0.135 யூனிட்டாகக் குறைகிறது. குண்டு பல்பு தான் உட்கொள்ளும் மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாகவே வெளியிடுகிறது. அதனால்தான் அதைத் தொட்டால் சுடுகிறது. அடுத்து, பழைய விசிறிக்கு மாற்றாக பி.எல்.டி.சி. என்னும் புதுவகை விசிறியைப் பொருத்துவோம். இதன் மோட்டாரில் நிலைக்காந்தங்கள் இருப்பதாலும், மின்னோட்டத்தை ஒரு சிறு மின்னணுச் சுற்று அளந்து செலுத்துவதாலும், அதே காற்றுக்கு 30 வாட் போதுமானது. 1.5 யூனிட் செலவு 0.6 யூனிட்டாகிறது. தொலைக்காட்சியையும் குளிர்பதனப் பெட்டியையும் தொடவே இல்லை. இப்போது மொத்தச் செலவு இரண்டு மாதத்திற்கு 110 யூனிட்.

நூறு யூனிட் குறைந்துவிட்டது! ஒளியில் குறைவில்லை, காற்றில் குறைவில்லை. 2016இல் வந்த 100 யூனிட் விலக்கை வைத்துக் கணக்கிட்டால், 110 யூனிட்டிற்குப் பணம் கட்டிய வீடு பத்து யூனிட்டிற்கு மட்டுமே கட்டினால் போதும். இரண்டையும் ஒருங்கே மாற்றப் பணம் இல்லாதோர் விளக்கை முதலில் மாற்றுங்கள். அதற்கான செலவு சிறிது. 2015 சனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்திற்குப் பின் எல்.இ.டி. விளக்கின் விலை ஏழைக்கும் எட்டும் அளவிற்கு இறங்கியது. விசிறி பழுதாகிக் காயில் கட்டக் கொடுக்க வேண்டிய நாளில், புதிய விசிறியைப் பற்றி எண்ணிப் பாருங்கள். 2011இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் மிக்சி, கிரைண்டருடன் பெற்ற மின்விசிறி சில வீடுகளில் இன்னும் ஓடிக் கொண்டிருக்கலாம். ஓடும் பொருளை எறிந்துவிட்டுப் புதியது வாங்குவதும் ஒரு விரயமே.

மின்பொருள் வாங்கும்போது அதன்மேல் ஒட்டியுள்ள நட்சத்திரச் சீட்டைப் படிக்கும் பழக்கம் நமக்கு வேண்டும். 2002இல் அமைந்த எரிசக்தித் திறன் செயலகம் 2006 முதல் அச்சீட்டை வழங்கி வருகிறது. நட்சத்திரம் மிகுந்தால் மின்செலவு குறையும். கூரை மின்விசிறிக்கும் 2023 சனவரி முதல் அச்சீட்டு கட்டாயமாயிற்று. தவணை முறையிலும் பழைய பொருள் சந்தையிலும் மலிவாகக் கிடைக்கிறதே என்று மின்சாரத்தை விழுங்கும் குளிர்பதனப் பெட்டியை வாங்கி வந்தால், குறைந்த விலைக்கு வாங்கியதை மின்கட்டணமாக ஆண்டுதோறும் திருப்பிச் செலுத்திக் கொண்டிருப்போம்.

தொலைக்காட்சியின் செட்டாப் பெட்டியையும் மறக்க வேண்டா. 10 வாட் அளவே உண்ணும் பெட்டியாயினும், அணைக்காமல் விட்டால் இரண்டு மாதத்தில் 14 யூனிட்டிற்கு மேல் தின்றுவிடும். ரிமோட்டில் அணைத்தது அணைத்ததாகாது. சுவரில் உள்ள சுவிட்சை அணைக்க வேண்டும்.

சிக்கனத்தின் பெயரால் பாதுகாப்பில் குறை வைக்கலாகாது. ஒட்டுப்போட்ட ஒயரும் எர்த் இணைப்பு இல்லாத பிளக்கும் உயிரைப் பறிக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஒயரையே வாங்குங்கள். மின்கசிவு ஏற்பட்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் கருவி ஒன்றை மீட்டர் அருகே பொருத்திக் கொள்ளுங்கள்.

கதிரவன் தரும் மின்சாரம்

“கூரையில் சூரிய மின்தகடு வைத்துக் கொள்ளலாமா?” என்று இளைஞர்கள் என்னிடம் கேட்பதுண்டு. 2011இல் வந்த பசுமை வீடுகளில் சூரிய ஒளியால் எரியும் ஐந்து விளக்குகள் அமைக்கப்பட்டன. 2024 பிப்ரவரியில் நடுவணரசு தொடங்கிய திட்டத்தில் ஒரு கிலோவாட் அமைப்பிற்கு 30,000 ரூபாய் மானியம் என்று அறிவிக்கப்பட்டது. ஒரு கிலோவாட் அமைப்பிற்கு ஏறத்தாழ 100 சதுர அடி நிழல் விழாத இடம் போதும். நல்ல வெயிலில் நாளொன்றுக்கு நான்கு யூனிட் கிடைக்கும்.

இருப்பினும் நான் கூறும் வரிசை வேறு. அடுப்பைச் சீர்செய்து, கூரையை வெளுத்து, விளக்கையும் விசிறியையும் மாற்றிய வீட்டிற்கு மின்கட்டணமே மிகச் சிறிது. அவ்வீடு கடன் வாங்கித் தகடு பொருத்துவதால் பெறும் இலாபம் குறைவு. சங்கத்தின் படிப்பகம், மாணவர் விடுதி, சமுதாயக் கூடம் போன்ற பொது இடங்களில் தகடு பொருத்துவது இதனினும் பயனுடையது. அங்கும் பேணுவார் வேண்டும். தகட்டின்மேல் தூசி படிந்தால் விளைச்சல் குறையும். மின்கலம் சில ஆண்டுகளில் தேயும். இதற்கென்று ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கி வைக்காமல் தொடங்கலாகாது.

கரிமத் தடம்

கரிமத் தடம் என்னும் சொல்லை இந்நாளில் செய்தித்தாளில் காண்கிறோம். ஒரு மனிதனோ ஒரு வீடோ தன் செயலால் காற்றில் சேர்க்கும் கரியமில வாயுவின் அளவே அது. நம் நாட்டில் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியை எரித்தே பெறப்படுவதால், ஒரு யூனிட் மின்சாரத்திற்கு ஏறத்தாழ 700 கிராம் கரியமில வாயு வெளிப்படுகிறது. ஒரு சிலிண்டர் எரிவாயு எரிந்தால் 42 கிலோ அளவில் வெளிப்படும். சற்று முன் கண்ட வீடு ஆண்டிற்கு 600 யூனிட்டைச் சேமித்தால், 420 கிலோ கரியமில வாயு குறைகிறது. நூறு வீடு கொண்ட காலனியில் அது 42 டன்.

இதனால் உலகம் காக்கப்பட்டுவிடும் என்று நான் மிகைப்படக் கூறமாட்டேன். ஓர் அமெரிக்கர் ஆண்டிற்கு ஏறத்தாழ 14 டன் கரியமில வாயுவுக்குக் காரணமாகிறார். ஓர் இந்தியருக்குச் சராசரி இரண்டு டன் அளவே. அந்தச் சராசரியிலும் கூலி வேலை செய்யும் குடும்பத்தின் பங்கு மிகச் சிறிது. உலகைச் சூடேற்றியவர்கள் நாம் அல்லர். ஆனால் அச்சூட்டை முதலில் சுமப்பவர்கள் நாமே. நண்பகல் வெயிலில் நாற்று நடுபவர் யார்? கல் குவாரியில் பாறை உடைப்பவர் யார்? 2015 நவம்பர், டிசம்பரில் காஞ்சிபுரம் மாவட்டத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, தாழ்ந்த இடத்தில் குடியிருந்த எளியவர்களே பெருந்துன்பம் அடைந்தனர்.

ஆகவே இக்கணக்கை நாம் கற்பது குற்றவுணர்ச்சியால் அன்று. கணக்கை அறிந்தவனே நியாயம் கேட்க முடியும். “எங்கள் வீட்டின் பங்கு இவ்வளவு, எங்களுக்கு நேரும் துன்பம் இவ்வளவு, எங்கள் தெருவுக்கு நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவு” என்று எண்ணால் பேசும் இளைஞனை எந்த அதிகாரியும் எளிதில் திருப்பி அனுப்ப இயலாது.

இளைஞர்கள் செய்ய வேண்டுவன

முதலாவது பணி கணக்கெடுப்பு. பத்து மாணவர்கள் சேர்ந்தால் ஒரு காலனியை ஒரு வாரத்தில் முடிக்கலாம். வீடுதோறும் சென்று, எத்தனை விளக்கு, எத்தனை விசிறி, இரண்டு மாதத்திற்கு எத்தனை யூனிட், ஆண்டிற்கு எத்தனை சிலிண்டர், விறகு எரிகிறதா, கூரை என்ன வகை, மனைக்குப் பட்டா உண்டா என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். அண்ணன் அக்கா என்று உறவுமுறை கூறி அழைக்கும் உங்களிடம் மறைக்காமல் சொல்வார்கள்.

இரண்டாவது பணி தொழில். தொழிற்பயிற்சி நிலையத்தில் ஒயர்மேன், எலக்ட்ரீசியன் பிரிவுகளில் பயின்ற தம்பிகள் நம்மிடையே உள்ளனர். விசிறி பழுது பார்க்கவும், பர்னர் துலக்கவும், சூரியத் தகடு பேணவும் தெருவுக்கு ஒருவர் தேர்ச்சி பெற வேண்டும். தங்கைகளும் இதனைக் கற்கலாம். பேணுவார் இன்மையால் கெட்ட புகையில்லா அடுப்பின் கதை மீண்டும் நிகழாதிருக்க இதுவே வழி.

மூன்றாவது பணி மன்றத்தில் பேசுவது. உத்திரமேரூர் என்றவுடன் பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டை நாடே பெருமையுடன் நினைவுகூர்கிறது. நாமும் அதனைப் படிக்க வேண்டும். முழுமையாகப் படிக்க வேண்டும். கால் வேலிக்கு மேல் இறைநிலமும், தன் மனையில் கட்டிய வீடும், வேதக் கல்வியும் உடையவரே அக்குடவோலைக்கு உரியவர் என்று அக்கல்வெட்டு கூறுகிறது. நிலமும் மனையும் வேதக் கல்வியும் மறுக்கப்பட்ட நம் முன்னோரின் பெயர் அக்குடத்தில் விழுந்திருக்க வழியில்லை. இன்று கிராம சபைக்கு அத்தகைய தடை ஏதுமில்லை. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கூடும் சபையில், வாக்காளர் பட்டியலில் பெயருள்ள கூலித் தொழிலாளியும் எழுந்து பேசலாம். தெருவிளக்கு எரியவில்லை, தொகுப்பு வீட்டின் தளம் பழுதாகிவிட்டது, இத்தனை வீட்டிற்குப் பட்டா இல்லை, இத்தனை அடுப்பு புகைகிறது என்று, நீங்கள் எழுதிய குறிப்பேட்டைக் கையில் ஏந்திச் சென்று பேசுங்கள். தீர்மானப் பதிவேட்டில் ஏறும்வரை அமராதீர்கள்.

இறுதியாக ஒன்று. சிக்கனத்தால் மிஞ்சும் தொகை எங்கே செல்கிறது என்பதே சிக்கனத்தின் பயனை முடிவு செய்கிறது. மின்கட்டணத்தில் குறைந்த தொகையை ஒரு டப்பாவில் தனியே போட்டு வாருங்கள். சித்திரை முடிந்து பள்ளி திறக்கும்போது அத்தொகை ஒரு பிள்ளையின் நோட்டுப் புத்தகத்திற்காகும், கல்லூரி விண்ணப்பத்திற்காகும். 25 ஆண்டுகளுக்கு முன் பிடியரிசியும் சில்லறைக் காசும் சேர்த்து இத்தகைய சங்கங்களை நடத்திய சமூகம் நம்முடையது. அதற்குச் சிறு சேமிப்பின் வலிமையை நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

புகையில்லாத அடுப்படியும், வெக்கையில்லாத கூரையும், தெளிந்த ஒளியும் நம் தெருவின் ஒவ்வொரு வீட்டிற்கும் கிட்ட வேண்டும். அவற்றுள் நம் கையால் ஆகக்கூடியதை நாளையே தொடங்குவோம். அரசால் ஆக வேண்டியதைத் தளராது கேட்டுப் பெறுவோம்.